பருந்து வரப்போகும் இடம்

பத்தூமி நகரில் நான் பற்களைப் படமெடுப்பவள்.
ஈயப் போர்வை போர்த்தி, பட்டையைக் கடிக்கச் சொல்லி
"அசையாதீங்க" என்றால் அசைய மாட்டார்கள்.
செப்டம்பரில் மட்டும்
பதினோரு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு
சொன்னபேச்சுக் கேளாதவற்றிடம் வருகிறேன்.

சாகல்வாஷோ மேட்டில் நேற்றெல்லாம் மழை.
விட்டதும்,
மேற்கே கருங்கடலுக்கும் கிழக்கே மலைக்கும்
நடுவில் ஒடுங்கிய வானத்தில்
தேன்பருந்துகள்.
ஈரக்காற்றில் மேலெழ முடியாமல்
பழுக்காத மாண்டரின் தோப்புகளை உரசிக்கொண்டு
தெற்கே, துருக்கிக்கு, அதற்கும் அப்பால்.

அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ்.
இன்னும் பத்தொன்பது தவணை பாக்கி.
மூன்று கிலோவைத் தூக்கி முகத்தில் வைத்தால்
முழு வானமும் தீப்பெட்டி அளவுக்குச் சுருங்கிவிடும்.
வெறுங்கண்ணுக்கு எத்தனை பருந்து!
உள்ளே சாம்பல். சாம்பல். மின்கம்பி. சாம்பல்.
ஒரு சிறகு நுனி.
சாம்பல்.

ஒன்று கிடைத்தது.
மஞ்சள் கண்ணும் வால்பட்டைகளும் தெளிவாக.
திரையில் பெரிதாக்கினேன்:
இடது இறக்கையில் இரண்டு இறகுகளைக் காணோம்.
மூன்றாவதில் ஒரு துளை,
துளைக்குள் கொஞ்சம் வானம்.
சொத்தை தேடும் பழக்கத்தில்
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்ஸோர் வந்தார். பக்கத்துத் தோட்டக்காரர்,
மினிபஸ் ஓட்டுகிறவர்.
பை நிறைய அத்திப்பழம்.
தோளில், இந்த வாரம், ஒன்றுமில்லை.
அதிகாரிகள் சுற்றுகிறார்களாம்.
படத்தைக் காட்டினேன்.
நெடுநேரம் பார்த்தார்.
"இது நான் சுட்டதில்லை, மாக்வாலா.
என் ரவை பெரிசு."

பிறகு, கொஞ்சம் தர முடியுமா என்றார்.
தந்தேன்.
ஏன் தந்தேன் என்று தெரியவில்லை.

வாங்கிய கணமே அந்தக் கனம்
அவர் தோளில் தன் பழைய இடத்தைக் கண்டுபிடித்தது.
கால்களை அகட்டினார். இடுப்பு மட்டும் திரும்பியது.
எட்டு வருடமாக என் கைக்கு வராத வழுக்கல்.
நிற்காமல், உதறாமல்
பருந்தோடு போய்
பருந்தை முந்திப் போய்
முந்திய இடத்தில் அழுத்தினார்.
விரலை எடுக்கவில்லை.

பதினேழு படம்.
ஒன்றிலும் பருந்து இல்லை.
அது வரப்போகும் இடம் இருந்தது.

"உன் மெஷின் பழுது" என்றார்.
வெளிச்சத்துக்கு முந்தத் தேவையில்லை,
ரவைக்குத்தான் வழியில் நேரமாகும்
என்று சொல்லியிருக்கலாம்.
அத்திப்பழம் தின்றோம்.
அவர் துப்பாக்கியில் இரண்டே தோட்டா என்பதை
நினைத்துக்கொண்டேன்.

இரவு, மெமரி கார்டு நிறைந்துவிட்டது.
என் மங்கல்கள் நானூற்றுச் சொச்சத்தையும் அழித்தேன்.
துளை விழுந்த பருந்து இருக்கிறது.
அந்தப் பதினேழும் இருக்கின்றன.
ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்க்கிறேன்,
விளிம்பில் எதுவும்
நுழைந்துவிடக் கூடாதே என்று.