மேட்டில் விதைத்தது

வேலந்தாவளம் செக்போஸ்டில் முதல் பஸ் பிடித்து
பாலக்காடு வந்திருந்தாள் மாராத்தாள்.
இடது குதிகாலில் கறுப்பு.
"வாழைக்கறைன்னு ரெண்டு வருசம் தேய்ச்சேனுங்.
செங்கல்லுல. அப்புறம் மண்ணெண்ணெய்ல."

ஒரு சொட்டு ஜெல் விட்டு
கண்ணாடியை அழுத்தினேன்.
பாதம் திரையில் விரிந்தது, பத்து மடங்கு.

உள்ளங்கால் தோல் உழுத நிலம்தான்:
மேடு, சால், மேடு, சால்.
மேடுகளின் முதுகில் வெள்ளைப் புள்ளிகள்,
வியர்வை எட்டிப் பார்க்கும் வாசல்கள்.
சாதாரண மச்சமென்றால்
நிறம் சாலில் கிடக்கும், மழைத்தண்ணீர் மாதிரி.
இவளுக்கு மேட்டில் ஏறியிருந்தது.
வாசல்களை மட்டும் விட்டுவிட்டு
பட்டை பட்டையாக.

எல்லை: ஒழுங்கற்றது,
என்று படிவத்தில் எழுதினேன்.
அதற்கு மேலே மாநிலம் காலியாக இருந்தது.
"வூடு இந்தப் பக்கம், தோட்டம் அந்தப் பக்கம்.
எதைப் போடுவீங்க?"

திரைக்கு முகத்தைக் கொண்டுபோனாள்.
"இதென்ற காலா? பாத்ததே இல்லீங்.
நல்லாத்தான் உழுதிருக்கு.
சாலுல போடாம மேட்டுல எவன் வெதச்சான்?"

நான் படத்தைச் சேமித்தேன்.
எண் அறுபத்திரண்டு.

*

அறுத்த சதை மெழுகில் உறைந்து
கூரியர் பையில் கொச்சிக்குப் போனது.

என்னிடம் ஓர் அட்டவணை உண்டு.
முதல் பத்தி படம்.
இரண்டாவது, தோலுக்குள் இறங்கிய ஆழம்.
மூன்றாவது மரபணு.
நாலு வருடத்து ராத்திரிகளில்
முதல் பத்தியிலிருந்து மூன்றாவதுக்கு
ஒரு கோடு இழுக்கப் பார்க்கிறேன்.
இந்தச் சாம்பல்நீலம் ஆழத்தைச் சொல்கிறது, சரி.
இந்த நெளிவு எந்த எழுத்தைச் சொல்கிறது?
சில நாள் தெரிகிற மாதிரி இருக்கும்.
பல் தேய்த்துவிட்டு வந்து பார்த்தால் இருக்காது.

பத்தொன்பதாம் நாள் பதில் வந்தது.
கிட்.
பாதியில் நின்றுபோன 'கிட்ட' மாதிரி ஒரு மரபணு,
நான்காம் குரோமோசோமில்.
டி இருக்க வேண்டிய இடத்தில் சி.
ஓரெழுத்து.

மாராத்தாளுக்கு எழுத்துப்பிழை புதிதில்லை.
ரேஷன் கார்டில் மலையாளத்தில்
ளகரத்துக்கு லகரம் விழுந்து
மாராத்தால் ஆகி
பதினொரு மாதம் அரிசி நின்றிருந்தது.
"அது வேற ஆளாமாங்."

*

கருவில் நிறச் செல்கள்
முதுகெலும்பு வரப்போகும் இடத்தோரம் பிறக்கின்றன.
தோலுக்கு அவை நடந்தே வர வேண்டும்.
விலாவைச் சுற்றி, இடுப்பு இறங்கி,
கடைக்கோடியில் உள்ளங்கால்.
நட என்று சொல்கிறவர்களில் ஒருவன் கிட்.
ஊர் வந்து சேர்ந்ததும் குரல் தணிய வேண்டும்.
இவளுக்கு அந்த ஓரெழுத்தால்
வாய் மூட மறந்துவிட்டது அதற்கு.
நாற்பத்து மூன்று வயதில்
மறுபடியும் நட, நட.

இதில் எவ்வளவு சொன்னேன் என்று நினைவில்லை.
"செருப்புப் போடாததாலயா?"
தெரியாது என்றேன்.
"வெயிலா?"
உள்ளங்காலுக்கு ஏது வெயில்.
"மாத்திரை இருக்குதுங்ளா?"
இந்த எழுத்துக்கு இருக்கிறது.
சிலருக்குக் கேட்கும். சில காலம்.

யோசித்தாள்.
"கோயமுத்தூர்ல வெலை கம்மியா, இங்கியா?"

குதிகால் படாமல்
விரல்நுனியில் படி இறங்கிப் போனாள்.
மூன்றாம் பத்தியை நிரப்பினேன்.
அறிக்கையில் இன்னும் ஒரு வரி மிச்சமிருந்தது:
இடது தொடையிடுக்கில் முடிச்சு,
சின்ன நெல்லிக்காயளவு.

என் கண்ணாடி அவ்வளவு ஆழம் போகாது.