மதகு எண் 117

நகரசபை தந்த டேப்லட்டுக்குக் குடை பிடித்து
நான் நனைகிறேன்.
கையொப்பம் வைத்து வாங்கியது,
என் நாலு மாதச் சம்பளம்.

டிக்கோயா வீதி, மூன்றாம் வளைவு.
படிவம் கேட்கிறது.
வகை? மதகு.
பொருள்? கருங்கல்.
கட்டிய ஆண்டு? தெரியாவிட்டால் மதிப்பிடுக.
பாசியைச் சுரண்டினேன்: 1911.
கொத்தியவன் கடைசி ஒன்றை மட்டும்
சாய்த்துக் கொத்தியிருந்தான்.

மென்பொருள் கணக்குப் பார்த்தது.
ஆயுள் எண்பது.
எஞ்சிய ஆயுள், கழித்தல் முப்பத்துநாலு.
செத்து முப்பத்துநாலு வருடமாய்
தண்ணீர் கடத்திக்கொண்டிருக்கிறது 117.
யாரும் கருமாதி செய்யவில்லை.

நிலைமை, ஒன்றிலிருந்து ஐந்துவரை.
குனிந்து டார்ச் அடித்தேன்:
சீமெந்துப் பை, வாழைத்தண்டு, ஒற்றைச் சப்பாத்து,
அதற்கப்பால் முக்கால்வாசி அடைபட்ட இருட்டு.
நாலு போட்டேன்.

உடைந்தால் யாருக்குப் பாதிப்பு?
இதை நான் நிரப்ப வேண்டியதில்லையாம்.
சுற்றியுள்ள கட்டடங்களை
வரைபடமே எண்ணிக்கொள்ளும்.
எண்ணியது.
பூச்சியம்.

வீதிக்குக் கீழே நாற்பதடிச் சரிவில்
லயம் இருக்கிறது. கூரையில் புகை.
யாரோ ரொட்டி தட்டுவது இங்கே கேட்கிறது.
வரைபடத்தில் அந்த இடம் வெளிர்பச்சை:
தோட்டம். தரவு இல்லை.

இறங்கினேன்,
சறுக்கிய இடத்தில் ஒரு தேயிலைச் செடியைப் பிடித்து.
முன்பக்கம் பன்னிரண்டு காம்பரா,
பின்பக்கம் பன்னிரண்டு.
பதினேழாவதில் ஒரு பெண் கேட்டாள்,
"எதுக்கு எண்ணுறீங்க, சென்சஸா?"
"மேல இருக்கிற மதகு விசயமா."
அவள் ஒன்றும் சொல்லாமல் சுவரைக் காட்டினாள்.
முழங்கால் உயரத்தில் ஒரு சேற்றுக்கோடு,
அதற்குமேல் இன்னொன்று.
பக்கத்தில் பென்சிலால் திகதி,
பிள்ளைகளின் உயரம் குறிப்பதுபோல.

'குறிப்பு' என்ற கட்டத்தில் எழுதினேன்:
கீழே 24 காம்பரா.

துஷார நல்ல மனிதர்.
பிளேன்டீ ஊற்றித் தந்துகொண்டே சொன்னார்,
"குறிப்பையெல்லாம் அது வாசிக்காது, நங்கி.
புள்ளி வேற எல்லைக்கோட்டுக்கு வெளிய விழுந்திருக்கு,
மூணு மீட்டர்.
அப்ப அது நம்ம சொத்தே இல்ல."

ஒரு புள்ளியை நகர்த்த
அலவாங்கு வேண்டாம். விரல் போதும்.
இந்தப் பள்ளத்தாக்கில்
செயற்கைக்கோளே ஐந்து மீட்டர் தடுமாறும்.
என் மூன்று மீட்டர் பொய்யா,
அந்தத் தடுமாற்றத்தில் என் பங்கா?
அன்றிரவு பச்சைக்குள் பெட்டிகள் வரைந்தேன்,
ஒவ்வொன்றாக, இருபத்துநாலு.
கோடிக்காம்பராவைக் கொஞ்சம் பெரிதாக.

117 பத்தொன்பதாம் இடத்துக்கு ஏறிற்று.
இந்த வருடப் பணம்
பதினாலாம் இடத்தோடு முடிகிறது.

ஐப்பசி மழைக்குப் பட்டியல் தெரியாது.
சபைத் தொழிலாளி சந்தனம்
யாரிடமும் கேட்காமல் போய்
குத்தி, இழுத்து, எல்லாவற்றையும் வெளியே போட்டார்.
ஒற்றைச் சப்பாத்தைக் கழுவி
மதகுக் கல்லின்மேல் வைத்திருந்தார்,
தேடி யாராவது வரலாம் என்று.
அந்த வாரம் சுவரில் மூன்றாம் கோடு விழவில்லை.

திங்கட்கிழமை, அதே வளைவில், அதே தூறலில்
அவர் கேட்கிறார்,
"துப்பரவாக்கினத அதுல பதியலையா?"

பதிந்தால் நாலு இரண்டாகும்.
இரண்டானால் 117
அறுபதுக்கும் கீழே இறங்கிவிடும்.
பிறகு அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும்
சந்தனத்தின் அலவாங்குதான் அதன் பாதீடு.
பதியாவிட்டால்
அவர் இங்கே வரவே இல்லை.

மாற்றங்களைச் சேமிக்கவா? ஆம். இல்லை.

நனைந்த விரலை
விரலென்று ஏற்பதில்லை இந்தத் திரை.
சட்டை நுனியில்
துடைத்துக்கொண்டே இருக்கிறேன்.