ஒரு சென்டிமீட்டர், ஒரு மாதம்

படிவம் மராத்தியில் இருக்கிறது, ஆங்கிலத்திலும்.
என் குறிப்பேட்டில் மட்டும் தமிழில் எழுதிக்கொள்வேன்:
மயிர். பென்சில் கனம். பிடரியிலிருந்து.
வேர்ப்பக்கம் சிவப்பு நூல்.

டிராம்பே கோளிவாடாவில் பிரமிளா வைத்தி
மீன்கூடைக்குப் பக்கத்தில் குந்தியபடியே
கொண்டையை அவிழ்த்தாள்.
இடுப்பைத் தொட்டது.
"எவ்வளவு வேணுமோ வெட்டிக்கோ,
பேன் இருந்தா அதுக்குத் தனிக் காசு."
அவள் மணிக்கட்டில் மண்டேலிச் செதில் மின்னியது.
பின்னால் கழி, அலையாத்திக் காடு,
அதற்கும் பின்னால் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்பு,
பகலில் யாரும் ஏறிட்டுப் பாராத
கார்த்திகை விளக்கு.

மயிரிழையில் தப்பினான் என்போம்.
தப்பாததும் அங்கேதான் தங்குகிறது.
இரத்தம் சில மாதங்களில் மறந்துவிடும்.
முடி, மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர் வீதம்
(ஏறக்குறைய)
கணக்கு எழுதி வைக்கும்.
வேரில் போன மாதத்து மீன்,
நுனியில் நாலு வருஷத்துக்கு முந்தைய கடல்.

அந்தேரி ஆய்வகத்தில் இரவு ஷிப்ட்.
அசிட்டோனில் கழுவி, உலர்த்தி, நறுக்கினேன்.
ஐம்பத்திரண்டு துண்டு.
மாதிரி வைக்கிற நிக்கல் தட்டுக்கு
எங்களிடையே படகு என்று பேர்,
நகத்தைவிடக் கொஞ்சம் நீளம்.
ஐம்பத்திரண்டு படகும் ஒவ்வொன்றாக உலைக்குள் போய்
வெறுமையாகக் கரைக்குத் திரும்பின.
திரையில் பாதரசம் ஒரு கோடாக நின்றது.

மழைமாதங்களில் இறங்கும் என்று நினைத்திருந்தேன்.
வலையெல்லாம் மூட்டை கட்டிவிடுவார்களே.
இறங்கவில்லை, சற்றே தளர்ந்தது.
கயிற்றில் தொங்கும் பம்பில் கருவாட்டை
மறந்துபோனது என் பிழை.

அனுமதிக்கப்பட்ட அளவு சுவரில் ஒட்டியிருக்கிறது.
உடம்பு இத்தனை கிலோ என்றால் வாரத்துக்கு இத்தனை.
அதைக் கணக்குப் போட்டவர்கள் நினைவில் இருந்த ஆள்
வாரம் ஓரிருமுறை மீன் தின்பான்,
தட்டோரம் எலுமிச்சைத் துண்டு வைத்து.
விற்காததைத் தின்கிற ஆளை அவர்கள் கண்டதில்லை.
ஞாயிறு வியாபாரம் மந்தம் என்றால்
பிரமிளா வீட்டில் ஞாயிறு, திங்கள், செவ்வாய்
சுறாக்குட்டிக் குழம்பு.

இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.
எதிர்பாராதது முப்பத்தெட்டாம் துண்டிலிருந்து
நாற்பத்திரண்டு வரை:
கோடு சரிந்து, படுத்து, பிறகு எழுந்திருந்தது.
கருவியைச் சந்தேகித்தேன்.
திரும்ப ஓட்ட முடி மிச்சமில்லை.

நேரில் போய்க் கேட்டேன்.
"மூணு வருஷம் முன்னாடி, நாலஞ்சு மாசம்
மீனை விட்டிருந்தியா? காய்ச்சல்? விரதம்?"
விரல்விட்டு எண்ணினாள். சிரித்தாள்.
"விடறதா! அப்பதான் நிறையத் தின்னேன்.
தினம் சிப்பி, தினம் சுறா, பால் ஊறணும்னு.
வயித்துல இவன் இருந்தான்."

இவன் என்றது
படிக்கட்டில் சிப்பி ஓடுகளைப்
பெரிதிலிருந்து சிறிதாக அடுக்கிக்கொண்டிருந்தவனை.
கலைப்பான். மறுபடி பெரிதிலிருந்து தொடங்குவான்.
பேர் கேட்டேன், திரும்பவில்லை.
விளையாட்டு மும்முரம், இந்த வயதில் அப்படித்தான்.
அக்கா மகனும் அப்படித்தான்.
அப்படித்தான் என்று குறிப்பேட்டில் எழுதி
அடித்திருக்கிறேன், எழுதி அடித்திருக்கிறேன்.

அவளிடமிருந்து குறைந்தது
எங்கே போனது என்று எழுத
படிவத்தில் கட்டம் இல்லை.
கட்டம் இருந்தாலும் எனக்குத் தெரியாது.
ஐந்து துண்டு மயிரை வைத்து
ஒரு பிள்ளையைப் படித்துவிட முடியாது.

"ரிப்போர்ட்ல என்னடி வந்தது?"
என்று கேட்டுக்கொண்டே அவனை இழுத்து
மடியில் போட்டு, கண்ணில் விழுந்த சுருளை ஒதுக்கினாள்.
பிறந்ததிலிருந்து கத்தி படாத தலை.
அடுத்த மாதம் கார்லா மலையில்
ஏகவீரா ஆயிக்கு முதல் முடி காணிக்கையாம்.

அந்த நுனிகள்
அவன் வெளிச்சம் பார்க்குமுன் முளைத்தவை.

என் பையில் சிவப்பு நூல் மிச்சமிருந்தது.
மண்டேலி அரைக் கிலோ என்ன விலை
என்று கேட்டேன்.