சனிக்கிழமைக் கணிப்பு

எண்பது மீட்டர் ஏணி.
உச்சி மூடியைத் தள்ளித் தலையை நீட்டினால்
மூன்று ஊர் மைதானம் தெரியும்.
காவல்கிணற்றில் சாய்ந்த கோல் கம்பம்,
வடக்கன்குளத்தில் பெனால்ட்டி பாக்ஸுக்குள் ஆடு,
எங்க லெவிஞ்சிபுரத்தில்
ஒரு பக்கம் மட்டும் வலை.
மறுபக்கத்து வலை யார் வீட்டுக்குப் போனதென்று
மேலிருந்து பார்த்தவன் நான்.
சொல்ல மாட்டேன்.

காற்றாலையில் பழுது பார்க்கிறேன்.
பல்சக்கரம், கிரீஸ், போல்ட்டு எல்லாம் சம்பளத்துக்கு.
வாரம் முழுக்கக் காற்றின் வேகம் குறித்து
ஞாயிறு எவன் ஜெயிப்பான் என்று எழுதுகிறேனே,
அது எனக்கு.

ஆனியில் கணவாய் வழி இறங்கும் காற்று
ஐந்து மணிக்கு மேல்தான் முறுகும்.
ஆடி வந்தால் அம்மியே பறக்கும் என்கிறோம்,
பந்து எம்மாத்திரம்?
மேற்கே பார்த்து ஓங்கி உதைத்தால்
கொஞ்சம் யோசித்து
உதைத்தவன் காலுக்கே திரும்பி வரும்.
டாஸ் ஜெயித்தும்
முதல் பாதியிலேயே காற்றைக் கேட்டு வாங்கும்
பணகுடிக் கேப்டன் இன்பராஜை
ஒரு வாரமும் நான் நம்பியதில்லை.

சனி இரவு.
தொபியாஸ் சலூன் கண்ணாடியில்
ஸ்கெட்ச் பேனாவால் இரண்டு பட்டியல்.
இடப்பக்கம் என்னுடையது,
வலப்பக்கம் மெடிக்கல் பிரேமகலா.
காற்றைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது,
ஆஃப்சைடு இன்றைக்கும் குழப்பம்.
ஆனால் முழங்கால் பட்டை வாங்கியவன் யார்,
வலி ஸ்பிரே இரண்டாய்க் கேட்டது எந்த ஊர்,
கூத்தங்குழி கோலி ரெமிஜியூஸுக்கு
வெள்ளியிலிருந்து எத்தனை தடவை போகிறது,
கல்லாவை விட்டு எழாமலே தெரியும்.
இருபத்து நாலில் அவளுக்குப் பதினேழு சரி.
எனக்குப் பன்னிரண்டு.

லெவிஞ்சிபுரம் என்ற பெயருக்கு நேரே
என் கை தோல்வி எழுதாது.
எட்டு வாரம், எட்டும் பிழை.
"ஒம்ம கண்ணு கொள்ளிக்கண்ணா வே?
வலையில்லாத டீமுக்கு
இம்புட்டு வக்காலத்தா?"
தாடையில் கத்தியை வைத்துக்கொண்டு கேட்கிறான் தொபியாஸ்.
நான் என்ன பதில் சொல்ல?
ஆறு நாள் சூளையில் மண் மிதித்துவிட்டு
ஏழாம் நாள் இடது ஓரத்தில் ஓடுகிறானே
மரியசெல்வம்,
அவன் சனிக்கிழமை முடி வெட்ட வந்தால்
இந்தக் கண்ணாடியைத்தானே பார்ப்பான்.

ஒன்பதாம் வாரம் உவரியோடு.
யோசித்தேன். ரோஷம் வந்தது.
எழுதிவிட்டேன்:
உவரி நாலு, நாம சைபர்.
சலூனில் கத்தரிச் சத்தம் நின்றது.
பிரேமகலா பேனாவைப் பிடுங்கி
அவள் பக்கம் எழுதினாள்:
லெவிஞ்சிபுரம் ஒண்ணு, உவரி சைபர்.
"எதை வச்சு?"
"நம்ம பயலுவ இந்த வாரம் ஒண்ணுமே வாங்கல.
வலி இல்லியா, துட்டு இல்லியான்னு
எனக்குத் தெரியாது."

ஞாயிறு பார்த்து பதினேழாம் எந்திரம் படுத்துக்கொண்டது.
ஆட்டத்தை மேலிருந்துதான் பார்த்தேன்,
ஆள்கள் கடுகு, பந்து உளுந்து.
ஐந்து மணி.
காற்று செத்தது.
முறுகவேண்டிய நேரத்தில் கண்ணுக்கெட்டியவரை
ஒரு இறக்கை அசையவில்லை.
என் கணக்கு எதுவும் செல்லாத ஒரு மாலை,
வெறும் கால்கள் மட்டும் ஆடிய மாலை.

கடைசி நிமிஷமாக இருக்கும்.
இடது ஓரத்திலிருந்து ஒரு கடுகு பிரிந்து ஓடியது.
உளுந்து பறந்தது,
வலையில்லாத பக்கம்.
கம்பத்துக்கு உள்ளேயா, வெளியேயா?
பாதிப் பேர் கையைத் தூக்கி ஓடுகிறார்கள்,
பாதிப் பேர் ரெஃப்ரியைச் சுற்றி வளைக்கிறார்கள்,
பந்து அதுபாட்டுக்கு
உடைமரத்துக்குள் உருண்டுபோகிறது.

போனில் கோடு இல்லை.
இருநூற்று அறுபது படி.
ஒரு படிக்கு ஒண்ணு சைபர்,
மறுபடிக்கு சைபர் சைபர்
என்று சொல்லிக்கொண்டே இறங்குகிறேன்.

தரை தொட்டதும் முதல் வேலை
மைதானத்துக்குப் போவதில்லை.
மச்சான் வீட்டுக் கொல்லைக்குப் போய்
அந்தக் கோழிகளைத் திறந்துவிடுவது.