வெந்நீர்

பன்னிரண்டு வருஷமாகக் குளிரை விற்றவன் நான்.
மஹ்பூலாவின் மொட்டைமாடிகளில்
என் ஸ்பேனர் படாத ஏசி குறைவு.
இப்போது ஃப்ரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டால்
விரல்நுனியில் கண்ணாடி உடைகிறது.
கூலர் தண்ணீர் ஒரு மிடறு போனால்
தொண்டைக்குள் முள்வேலி.

மருந்து அப்படி என்றார் டாக்டர்.
அரபியில் அவர் சொன்னது ஆங்கிலமாகி
நர்ஸின் வாயில் மலையாளமாகி
என்னிடம் வந்து சேர்ந்தபோது
"குளிர் வேண்டாம்" மட்டும்தான் மிச்சம்.
வெளியே நாற்பத்தொன்பது டிகிரி.
குவைத்தே குளிரைத் தேடி ஓடுகிறது.

செவ்வாய்க்கிழமை, ஏழாம் நாற்காலி.
எட்டில் குல் நவாஸ்.
டாக்ஸி ஓட்டுகிறவன், பெஷாவர் தாண்டி ஏதோ மலை.
முதல் நாள் பேசவில்லை.
என் காலுறையைப் பார்த்தான்.
பேண்டை உயர்த்தித் தன்னுடையதைக் காட்டினான்:
ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி.
அவ்வளவுதான் அறிமுகம்.

என் இந்தி சைட்டில் பொறுக்கியது.
தூக்கு, இறக்கு, சம்பளம் எப்போது.
அதை வைத்துக்கொண்டு குடலைப் பற்றிப் பேசினோம்.
வாந்தி என்றால் "மால் வாபஸ்".
ரத்த அணு குறைந்து ஊசி தள்ளிப்போனால்
"இன்றைக்குக் கான்கிரீட் இல்லை".
நோய்க்கு கஃபீல் என்று பெயர் வைத்தது அவன்.
பாஸ்போர்ட் அதன் கையில்தானே இருக்கிறது.

மாத்திரை தொடங்கிய மூன்றாம் மாதம்
என் கைரேகை அழிந்தது.
கேம்ப் வாசலில் மெஷின் என்னைத் தெரியாது என்றது.
பத்து விரலையும் வைத்துப் பார்த்தேன்.
சிவப்பு விளக்கு. முதுகுக்குப் பின்னால் வரிசை.
வந்து நிற்கிறவனை
வராதவன் என்று எழுதிக்கொண்டார் ஃபோர்மேன்.

இரவு டாக்ஸிக்குள் விளக்கைப் போட்டு
குல் நவாஸ் தன் விரல்களை நீட்டினான்.
மழித்த கன்னம்போல வழுவழுவென்று.
"யாரா, இனி நாம் பேங்க்கைக் கொள்ளையடிக்கலாம்."
சிரித்தேன்,
தையல் போட்ட இடம் வலிக்க வலிக்க.

இறங்கும்போதெல்லாம்
டேஷ்போர்டிலிருந்து ஒரு பாட்டில் எடுத்துத் தருவான்.
காலையிலிருந்து வெயிலில் கிடந்தது.
டீ போடலாம், அவ்வளவு சூடு.
சவாரி ஏறுகிறவர்கள் கேட்பார்களாம்,
இந்த வேகாட்டில் யாருக்குப்பா வெந்நீர்?
"ஏழாம் நாற்காலிக்கு" என்பானாம்.

இன்று அவனுக்குக் கான்கிரீட் இல்லை.
என்னை இறக்கிவிட்டுச் சவாரிக்குப் போய்விட்டான்.
எட்டில் புதிதாக ஓர் அம்மா.
மங்களேஸ்வரி, மட்டக்களப்பு,
பதினாறு வருஷம் ஒரே வீட்டில் சமையல்.
ஊசி ஏறும்போது நான் முனகிய "அய்யோ"வைப் பிடித்துக்கொண்டு
"தமிழோ? உங்களுக்கு என்ன வருத்தம்?" என்றாள்.

யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.
யோசித்து யோசித்துச் சொன்னேன்.
சம்பளத்தில் பிடித்த பதினேழு நாள்.
மனைவியிடம் அல்சர் என்று சொல்லிவைத்தது.
வீடியோவில் மகள்,
"வெயிலில் எதுக்குப்பா கையுறை?"

முடியும்வரை கேட்டுவிட்டு
"ஓம். நான் வியாதியைக் கேட்டனான்" என்றாள்.
அவள் ஊரில் இரண்டுக்கும் ஒரே சொல்லாம்.

சொன்னேன். தமிழில்.
ஐந்தே எழுத்து. இத்தனை மாதம்
கஃபீல் என்ற சட்டைக்குள் ஒளிந்திருந்தது.
"எனக்கும் அதுதான்" என்று
அவள் கூலர் பக்கம் கை நீட்டினாள்.
"அதைத் தொடாதீங்கம்மா."
என் பாட்டிலைக் கொடுத்தேன்.
ஒரு வாய் குடித்துவிட்டு முகம் சுளித்தாள்.
இன்னொரு வாய் குடித்தாள்.

மாலையில் குல் நவாஸுக்கு வாய்ஸ் அனுப்பினேன்:
அடுத்த செவ்வாய் இரண்டு பாட்டில்.
ஹாரன் சத்தத்தோடு பதில் வந்தது:
"கம்பெனி பெரிதாகிறது, யாரா. மீட்டர் போட வேண்டும்."

போனும் என் விரலை மறந்துவிட்டது.
மகள் பிறந்த வருஷத்தை
நான்கு எண்ணாக அழுத்தித் திறந்தேன்.
அங்கே மணி ஒன்பதரை.
தூங்கியிருக்க மாட்டாள் அவள் அம்மா.