பொக்கை வாய்

பன்னிரண்டு பேருக்குச் சிவப்புப் பயறு கொதிக்கிறது.
இன்னும் கொத்தமல்லி கிள்ளவில்லை.
கீழே ஆறு. மேலே இடிந்த கோட்டை மதில்.
நடுவே தோண்டுகிறவர்களின் குழி:
ஆள் உயரம் இறங்கினால்
பதினேழு லட்சத்துச் சொச்சம் வருஷம்.
எனக்கு அந்த எண்ணில் மலைப்பில்லை.
இந்த முகாமில் கரண்டி பிடிக்குமுன்
இருபத்தாறு வருஷம் நான் உயிரியல் டீச்சர்.

வகுப்புச் சுவரில் ஒரு படம் தொங்கும்.
நான்கு காலில் ஒன்று, கூன் போட்டு ஒன்று,
கூன் கொஞ்சம் நிமிர்ந்து ஒன்று,
கடைசியில் ஈட்டியோடு ஓர் ஆள்,
மாவட்டச் செயலாளரின் தாடையோடு.
ரொட்டிக் கடை வரிசைபோல் இருக்கும்.
முன்னால் நிற்கிறவனுக்கே ரொட்டி என்று
நான் சொன்னதில்லை.
பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பிறகு நாடு உடைந்தது.
மின்சாரம் போயிற்று, சம்பளம் போயிற்று.
ஜனவரியில் ஒரு ராத்திரி
அந்தப் படத்தைச் சுருட்டி அடுப்பில் வைத்தேன்.
நிமிர்ந்தவன்தான் முதலில் பற்றினான்.

கூட்டுப் பண்ணையின் ஏழு டிராக்டரையும்
ஜும்பெர் ஓட்டிக்கொண்டு போனான்.
மூன்றாம் பெஞ்சு, ஜன்னலோரம். என் மாணவன்.
வழியில் மறித்துக் கேட்டேன்.
"தகுதியுள்ளது தப்பிக்கும், நீங்கள் நடத்தியதுதானே டீச்சர்"
என்று சிரித்தான். மேல்வரிசையில் இரண்டு தங்கப் பல்.
அந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் போட்டிருந்தேன்.
எதற்குத் தகுதி, எந்தக் குளிருக்கு, எத்தனை நாளைக்கு
என்று ஓரத்தில் சிவப்பு மையில்
ஒரு வரி கேட்டிருக்கலாம்.

பாதிரியார் சொசிமே ஞாயிறு மதியம் வருவார்,
குழியைத் திட்டவும் பயறு சாப்பிடவும்.
"இவர்களுக்கு ஞானஸ்நானம் கிடையாதே,
எங்கே போயிருப்பார்கள்?" என்றார் ஒருமுறை.
கேலியில்லை. நிஜமாகவே கவலைப்பட்டார்.

ஆகஸ்டில் மழை விட்ட மறுநாள்
தினாதின் ஒரு தாடையைத் தட்டில் ஏந்தி
சமையல்கட்டுக்கு வந்தாள். இங்கேதான் வெளிச்சம் அதிகம்.
பல் இல்லை. ஒன்றே ஒன்று தவிர
எதுவும் இல்லை.
பல் இருந்த பள்ளங்களும் இல்லை.
தூர்ந்துபோன கிணறுகளாய்
எலும்பு வளர்ந்து மூடி வழவழவென்றிருந்தது.
"செத்தபின் உதிர்ந்ததில்லை டீச்சர்.
பல் போனபிறகும்
வருஷக்கணக்கில் உயிரோடு இருந்திருக்கிறது."

கை ஈரத்தை முந்தானைத் துணியில் துடைத்தேன்.
"யார் நசுக்கிக் கொடுத்தது?"

"மஜ்ஜை உறிஞ்சியிருக்கலாம். இளங்கிழங்கு இருந்திருக்கலாம்.
யாரும் கொடுக்காமலே பிழைத்திருக்கலாம்.
எலும்பு அவ்வளவு பேசாது."
சரிதான். ஆதாரமில்லாமல் எழுதினால்
நானும் அரை மதிப்பெண் குறைப்பேன்.
ஆனாலும் தட்டைத் திருப்பிக் கொடுக்க
எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

ஜும்பெரும் வந்து பார்த்தான், பட்டணத்து விருந்தாளியோடு.
வெகுநேரம் பேசவில்லை.
நாக்கு உள்ளே
தன் பற்களை எண்ணுவது கன்னத்தில் தெரிந்தது.

இருட்டியபின் வீடு.
அவ்தாந்தில் கட்டிலில், சுவர் பக்கம் சாய்ந்து.
பக்கவாதம் வந்து மூன்று வருஷம்.
செத்துப்போன தங்கை பேரால் என்னைக் கூப்பிடுகிறான்.
வால்நட்டைக் கல்லில் நசுக்கி, பயற்றோடு பிசைந்து,
வெந்நீர் விட்டுக் குழைத்தேன்.
துப்பினான். மறுபடி துப்பினான்.
கிண்ணத்தைச் சுவரில் எறியத் தோன்றியது.
இதற்கு முன்பு எறிந்தும் இருக்கிறேன்.
அந்தக் கறையைச் சுண்ணாம்பு மறைக்கவில்லை.

குழிக்காரர்கள் ஒருநாள் இந்த வீட்டையும் தோண்டினால்
அந்தக் கறை கிடைக்காது,
என் அலுப்பு கிடைக்காது.
வெறும் தாடைதான் கிடைக்கும்.
யாரோ ஒருத்தி
"எலும்பு அவ்வளவு பேசாது" என்பாள்.

மூன்றாவது வாய் உள்ளே போயிற்று.
கரண்டியை எடுக்கப் பார்த்தேன்.
ஈறால் கவ்விக்கொண்டு
விடமாட்டேன் என்கிறான்.
நல்ல பிடி.