நான்கு மணிச் சுவைநடை

மழை விட்டதும் தேக்கா சந்தை வாசலில்
குடையை உதறிவிட்டு எண்ணுகிறேன்: ஆறு பேர்.
பொலோஞாவிலிருந்து ஓர்னெல்லா, அவள் கணவர் ஃபவுஸ்தோ,
பெர்த் நகரத்துச் சகோதரிகள் இருவர்,
ஹைதராபாத் பையன் ஒருவன்,
பட்டியலில் பெயரில்லாத அவன் காதலி.

"வணக்கம், நான் தில்லைக்கரசி. தில்லை என்றால் போதும்.
அடுத்த மூன்று மணி நேரம்
உங்கள் மூக்கை என்னிடம் ஒப்படையுங்கள்."
இந்த இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள்.
என் மூக்கு செத்து இருபத்தேழு மாதம்.

காய்ச்சல் மூன்றே நாள்.
நான்காம் நாள் கோப்பியை வாயில் ஊற்றினால்
சூடு இருந்தது, கசப்பு இருந்தது,
கோப்பி இல்லை.
மருத்துவர் சின்னக் குப்பிகள் கொடுத்தார்,
கிராம்பு, எலுமிச்சை, ரோஜா, யூகலிப்டஸ்.
காலையும் மாலையும் முகர்ந்து பழகு என்றார்.
எனக்கு அவை ஒரே குப்பி, நான்கு மூடி.

அறுசுவையில் ஒன்றும் போகவில்லை, கவனியுங்கள்.
உப்பு முதல் துவர்ப்பு வரை ஆறும் ஆஜர்.
போனது ஏழாவது.
அதை யாரும் எண்ணி வைக்கவில்லை,
அதனால் புகார் கொடுக்கவும் இடமில்லை.

வழிகாட்டி உரிமம் இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு இருக்கிறது.
வீட்டுக்கடன் அதையும் தாண்டி.

ஆகவே திருடுகிறேன்.
போன மாதக் கூட்டம் வாய்விட்டுச் சொன்னதை
குறித்து வைத்து
இந்த மாதக் கூட்டத்துக்கு விற்கிறேன்.
எண்ணெயில் விழும் கறிவேப்பிலை: "பச்சைப் பட்டாசு"
(ஒசாகா பல்மருத்துவர்).
ரோஜாக்கின் இறால் சாந்து: "வெல்லம் பூசிய படகின் அடித்தட்டு"
(டப்ளின் பேருந்து ஓட்டுநர்).
டுரியான்: "யாரோ பாலாடைக்கட்டியை
மெத்தைக்கடியில் மறந்துட்டாங்க"
(பதினொரு வயசுப் பிள்ளை, ஊர் கேட்கவில்லை).

சைனாடவுனில் டுரியான் கடை முன்
ஆறு பேரும் மூக்கைப் பொத்த
பழத்தைக் குழந்தைபோல் ஏந்தி நிற்பவள் நான்தான்.
"நாற்றம் பழகிவிட்டதா?" பையன் கேட்கிறான்.
நாற்றம் என்றால் முன்னொரு காலத்தில்
நறுமணமாம், பள்ளியில் படித்தேன்.
சொல்லுக்கும் மூக்கு கெடும் போலிருக்கிறது.

கடைசி நிறுத்தம் கியோங் சைக் சாலை, வைன் கடை.
ஜுன் வெய் இன்று புதிதாக ஒன்று வைத்திருக்கிறான்:
கறுப்புக் கிண்ணங்கள்.
உள்ளே இருப்பது வெள்ளையா சிவப்பா
பார்த்துச் சொல்ல வழியில்லை.
"முதலில் முகருங்கள்."
காதலிக்கு எலுமிச்சைச் சாறு.
மற்ற ஆறு மூக்கும் கிண்ணத்துக்குள் இறங்குகின்றன.
ஐந்து வேலை செய்கின்றன.

கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை?
தெரியாது. ஆனால்
மூட்டையைச் சுமந்து சந்தைக்குக் கொண்டுவருவது யாராம்?

"பூ," என்கிறாள் மூத்த சகோதரி. "வெள்ளை."
"லிச்சி. வெள்ளைதான்."
ஃபவுஸ்தோகூடத் தலையசைக்கிறார்.
நான் ஒரு மிடறு குடிக்கிறேன்.
குளிர்ச்சி. புளிப்பு. பிறகு
ஈறு மெல்ல இறுகுகிறது,
வாழைப்பூ ஆய்ந்த விரல்நுனி கறுத்து
ஒட்டிக்கொள்ளுமே, அப்படி.
"சிவப்பு," என்றேன்.

ஜுன் வெய் பாட்டிலைத் திருப்பிக் காட்டினான்.
குளிரவைத்த இளம் சிவப்பு வைன்.

"எப்படி?" என்றாள் ஓர்னெல்லா.
குறிப்பேட்டில் அதற்குப் பக்கமில்லை.
வாழைப்பூவைச் சொன்னேன்,
கள்ளன் எடுப்பதை, மோரில் போடுவதை,
கறை போக நாளாவதை.
அவள் கைப்பேசியை எடுத்து
ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டுக் கேட்டு
பதிந்துகொண்டாள்.
இனி பொலோஞாவில் யாருக்கு விற்பாளோ.

இளைய சகோதரி மூன்றாவது கிண்ணத்தில்
அழ ஆரம்பித்தாள், ஏனென்று சொல்லவில்லை.
அவளை டாக்ஸியில் ஏற்றிவிட்டு
நான் ரயில் பிடித்தேன்.

பன்னிரண்டாம் மாடி. லிஃப்ட் திறந்ததும்
ரொஹானா கதவோரம் ஓடிவந்தாள், கையில் அகப்பை.
"சாரி தில்லை, பிளாச்சான் வறுக்கிறேன்.
நாத்தம் ரொம்பவா?"
"இல்லையே," என்றேன்.
எவ்வளவு நல்லவள் என்பதுபோல் பார்த்தாள்.
கண் மட்டும் எரிந்தது.
அது மிளகாய்.